ஏழாம் கசெற்றின் மறுபக்கம்

தவாரே என்றொரு மொழி இருக்கிறது. பொலிவியாவின் வடக்கே, படகில் மட்டும் போகக்கூடிய ஓர் ஆற்றங்கரையில் பேசிய மொழி. இன்றைக்கு அதை அரைகுறையாகவாவது தெரிந்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவருக்குக் காது கேட்காது. ஆனால் அதை முக்கால் மணித்தியாலம், ஓரிடத்திலும் தட்டாமல் தடுமாறாமல் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான். அவள் ஒஸ்லோவில், ஹொல்ம்லியாவில், எங்கள் வீட்டிலிருந்து மூன்று கட்டிடம் தள்ளி இருக்கிறாள். பெயர் யசிந்தா. என் கூடப்பிறந்த தங்கச்சி. தான் சொல்லுவதில் ஒரு சொல்லுக்கும் அவளுக்கு அர்த்தம் தெரியாது என்பது வேறு விஷயம். அதற்கு முழுப் பொறுப்பும் நான்தான்.

என் பெயர் றோஸ். யாழ்ப்பாணத்தில் குருநகர். இங்கே ஒரு மொழி ஆய்வு நிலையத்தில் தொண்ணூறாம் ஆண்டிலிருந்து தரை துடைக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மூன்று மாடி, நாற்பத்தொரு அறை, இரண்டு படிக்கட்டு. எந்த அறையில் எந்தக் கதிரையின் கால் ஆடும் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். பேராசிரியர்கள் மாறினார்கள், இயக்குநர்கள் மாறினார்கள், நான் மாறவில்லை. றோஸ் இருக்கிற கட்டிடத்தில் ஒரு பேனை கூடக் காணாமல் போகாது என்று பழைய இயக்குநர் ஒருவர் நத்தார் விருந்தில் எழுந்து நின்று சொன்னார். மற்றவர்கள் பட்டம் வாங்கி மாட்டுகிறார்கள், நான் அந்த வசனத்தை வைத்துக்கொண்டு முப்பது வருடம் தலை நிமிர்ந்து நடந்தேன்.

பேனை காணாமல் போகவில்லைதான். ஒரு கசெற் காணாமல் போனது. எடுத்தவள் நான்.

தொண்ணூற்றோராம் ஆண்டு. நிலையத்தில் அறை மாற்றிக்கொண்டிருந்தார்கள். தாழ்வாரம் முழுக்கப் பெட்டிகள். மேசையில் இருந்தால் பொருள், தரையில் கிடந்தால் குப்பை என்பதுதான் என் தொழில் சட்டம். அன்றைக்கு குப்பை வண்டிலுக்குப் பக்கத்தில், தரையில், தொண்ணூறு நிமிட யப்பான் கசெற் ஒன்று கிடந்தது. முதுகில் பச்சை மையால் ஏழு என்று எழுதியிருந்தது. நான் அதைக் குப்பையில் போடவில்லை, என் மேலங்கிப் பைக்குள் போட்டேன்.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லை. கடிதம் எழுதினால், பிள்ளையின் குரல் கேட்கவில்லை என்று வீட்டில் குறை. அதனால் வெளிநாட்டில் இருந்த நாங்கள் எல்லாரும் கசெற்றில் கதைத்து அனுப்பினோம். அதற்கும் ஒரு முறை இருந்தது. முதல் பக்கம் அனுப்புகிறவருக்கு, மறுபக்கம் பதில் சொல்லுகிறவருக்கு. மறுபக்கத்தை யாரும் போட்டுக்கூடப் பார்ப்பதில்லை, அது மற்றவரின் பக்கம். கொழும்புக்குப் போகிற யாருடையவாவது பெட்டிக்குள் அது போகும், இன்னொருவரின் பெட்டிக்குள் பதிலோடு திரும்பி வரும். ஒரே கசெற் ஏழெட்டுத் தடவை கடல் கடந்ததும் உண்டு.

கசெற்றின் மேல் விளிம்பில் இரண்டு சின்ன முளைகள் இருக்கும், பக்கத்துக்கு ஒன்று. ஒரு பக்கத்தில் இருப்பது அழியக்கூடாது என்றால் அந்தப் பக்கத்து முளையை உடைத்துவிடுவார்கள். பிறகு பதிகிற பொத்தான் அமுங்காது. உடைந்த ஓட்டையில் ஒட்டுப் பேப்பர் ஒட்டினால் திரும்பவும் அமுங்கும் என்பது நோர்வேயில் இருந்த தமிழர் எல்லாருக்கும் தெரியும். நான் எடுத்த கசெற்றில் இரண்டு முளையும் உடைந்திருந்தன. யாரோ வேண்டுமென்றுதான் உடைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்கே எனக்கு விளங்கியது. விளங்கியும் என் பக்கத்து ஓட்டையில் பேப்பர் ஒட்டினேன். மறுபக்கத்துக்கு ஒட்ட மறந்துபோனேன்.

முதல் பக்கத்தில் நான் கதைத்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது. சப்பாத்துக்குள் பனி புகுந்த கதை, மீன் ருசியில்லாத கதை, என் வீட்டுக்காரர் யேசுரட்ணத்தாரின் குறட்டை. கடைசியில் யசிந்தாவுக்கு ஒரு புத்திமதி. உன்னை எப்படியும் இங்கே எடுப்போம், இங்கே பாஷை தெரியாவிட்டால் ஒரு வேலையும் இல்லை, அதனால் வருவதற்கு முன்னரே பாஷையைப் படிக்கத் தொடங்கு என்று அக்காத் தோரணையில் சொல்லி முடித்தேன்.

மூன்று மாதம் கழித்து யசிந்தாவிடமிருந்து கசெற் வரவில்லை, கடிதம்தான் வந்தது. மறுபக்கத்தைப் பூட்டி அனுப்பியதன் காரணம் தனக்கு விளங்கிவிட்டது என்றும், தான் படிக்கத் தொடங்கிவிட்டதாகவும், பெண் வாத்தியாரின் குரல் நல்ல தெளிவு என்றும் எழுதியிருந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ தட்டெழுத்து வகுப்பைப் பற்றி எழுதுகிறாள் என்று நினைத்துக் கடிதத்தை மடித்து வைத்தேன்.

நடந்தது இதுதான். பதில் பதிய யசிந்தா மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டு அமத்தியிருக்கிறாள், பொத்தான் அமுங்கவில்லை. போட்டுக் கேட்டிருக்கிறாள். ஓர் ஆண் ஏதோ கேட்கிறார், ஒரு பெண் அதற்குப் பதிலை மூன்று தரம், ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திச் சொல்லுகிறாள். அடுத்த கேள்வி, அடுத்த பதில், மூன்று தரம். முதலில் சின்னச் சின்ன வசனங்கள், பிறகு நீண்ட வசனங்கள், கடைசியில் நீளமாக ஒரு கதை. இதைக் கேட்டால் யார்தான் பாடம் என்று நினைக்கமாட்டார்கள். அக்கா பாஷை படி என்கிறாள், அக்கா அனுப்பிய கசெற்றில் பாடம் இருக்கிறது, அக்கா அதை அழியாமல் பூட்டியும் அனுப்பியிருக்கிறாள். அப்படியென்றால் இது நொஷ்க், நோர்வே நாட்டுப் பாஷை. அவளுடைய கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

மின்சாரம் இல்லாத, போரினால் யாழ்ப்பாணத்துக்குள் பற்றரி விடத் தடை இருந்த காலம். யசிந்தா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ஒரு கையால் பெடலைச் சுற்றிச் சுற்றிப் படித்தாள். கை களைத்தால் வாத்தியாரின் குரல் தாழ்ந்துவிடும், திரும்ப வேகமாகச் சுற்றினால் ஏறும். அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்வது எங்களுக்குப் புதிதில்லை. ஆறு வயதில் லத்தீன் மன்றாட்டுகளை அப்படித்தான் படித்தோம். யசிந்தா குருநகர்க் கோயிலில் தபசு காலத்தில் யேசுவின் பாடுகளைச் சொல்லுகிற பசாம் வாசிக்கிறவள். ஏட்டைப் பார்க்காமல் நின்ற நிலையில் ஒன்றரை மணித்தியாலம் வாசிப்பாள். அவளுக்கு முக்கால் மணித்தியாலக் கசெற் ஒரு பொருட்டா என்ன.

தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்தபோது சைக்கிளும் கசெற்றும் பாதையில் எங்கேயோ போய்விட்டன. அவள் கவலைப்படவில்லை. வன்னியிலும் பிறகு கொழும்பு லொட்ஜிலும், பின்னேரம் செபமாலை முடிந்ததும் பாடத்தை ஒருதரம் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள்.

தொண்ணூற்றேழில் ஒஸ்லோவுக்கு வந்தாள். அப்போது விமான நிலையம் போர்னபுவில். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த பாஸ்போர்ட் அதிகாரியின் முன்னால் போய் நின்று, கசெற்றில் பெண் வாத்தியார் முதலாவதாகச் சொன்ன வசனத்தைச் சொன்னாள். வணக்கம் சொல்லுவதுதான் எந்தப் பாடத்திலும் முதலில் வரும் என்று அவளே முடிவு செய்திருந்தாள்.

"தாகூ அனேவா, பிரிமோ கேத்தே?"

அந்த மனிதர் இரண்டு தரம் கேட்டார். பிறகு தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடித்தார். யசிந்தா பயப்படாமல் அவருக்கும் அதையே சொன்னாள், இன்னும் நாலு வசனம் சேர்த்தும் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் எங்களுக்குத் தெரிந்த ஆள். அவள் பெட்டியோடு வெளியே வருவதற்கு முன்னரே கதை வெளியே வந்துவிட்டது.

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருபது பேர். எல்லாரும் கேட்க, அவளும் நிமிர்ந்து நின்று சொன்னாள். வீடு சிரித்தது. நான்தான் எல்லாரையும் விட உரக்கச் சிரித்தேன். நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் மூன்று வருடம் வேலை செய்த யேசுரட்ணத்தார், இது பின்லாந்துப் பாஷை, அங்கே தன்னோடு வேலை செய்தவர்கள் இப்படித்தான் கதைத்தார்கள் என்று தீர்ப்புச் சொன்னார். அவருக்குப் பின்லாந்துப் பாஷையில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான். அக்கா அனுப்பிய கசெற் என்று யசிந்தா சொன்னாள். நான் பாடம் ஒன்றும் அனுப்பவில்லை என்று அடித்துச் சொன்னேன். மறுபக்கத்தை நான் கேட்கவே இல்லையே, எனக்கு எப்படித் தெரியும்.

அதற்குப் பிறகு முதல் நன்மை, பிறந்தநாள், திருமணம் என்று எங்கே நாலு பேர் கூடினாலும் 'யசிந்தாவின் நொஷ்க்' கதையை நான் சொல்லுவேன். நன்றாகவே சொல்லுவேன், சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். யசிந்தா தட்டுகளை அடுக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விடுவாள். உண்மையான நொஷ்க்கை அவள் கடைசி வரைக்கும் சரியாகப் பிடிக்கவில்லை. வகுப்பில் வாய் திறந்தால் யாராவது சிரிப்பார்களோ என்று பயந்தாள். ஹவுகெட்டோப் பக்கத்து முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை கிடைத்தது. அங்கே இயந்திரங்களோடு கதைக்கத் தேவையில்லை.

இருபத்தேழு வருடம் போனது. இந்தப் பங்குனியில், நான் ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது, நிலையத்தின் ஒலிப்பதிவு அறைக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் டெல்ஃபினா. நாற்பத்தைந்து வயதிருக்கும். தன் ஊரில் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறாள். எழுபத்தொன்பதில் இந்த நிலையத்து ஆய்வாளர் ஒருவர் அவர்களுடைய ஆற்றங்கரைக்குப் போய், அவளுடைய பெரியம்மா அன்சேல்மாவிடம் கேட்டுக் கேட்டுப் பன்னிரண்டு கசெற் பதிந்துகொண்டு வந்திருக்கிறார். அவற்றைக் கேட்டு எழுதி வைக்கத் தொடங்குவதற்கு முன்னரே அவர் இறந்துபோனார். பெரியம்மாவும் இல்லை. டெல்ஃபினாவின் தாய் அடுப்படியில் பேசிய மொழி அந்தத் தவாரே. தாய் போனபிறகு அவளிடம் மிஞ்சியது சில நூறு சொற்கள். இதையெல்லாம் ஒலிப்பதிவு அறைக்குப் பொறுப்பான ஆன்ட்ரியாஸ் எனக்குச் சொன்னார். அவர் எந்த விஷயத்தையும் துப்புரவுக்காரிதானே என்று எனக்குச் சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை.

புதன்கிழமை காலை அந்த அறைக்கு முன்னால் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே கசெற் ஓடியது. ஓர் ஆண் ஏதோ கேட்டார். ஒரு பெண் பதில் சொன்னாள், மூன்று தரம், நிறுத்தி நிறுத்தி. வசனத்தின் கடைசியில் குரலைக் கொஞ்சம் தூக்கினாள். என் கை தடியில் அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தூக்கலை எனக்குத் தெரியும். எத்தனை விருந்துகளில் அதை நானே நடித்துக் காட்டியிருக்கிறேன்.

இது எத்தனையாம் கசெற் என்று ஆன்ட்ரியாஸிடம் கேட்டேன். ஆறு என்றார். அடுத்தது என்று கேட்டேன். ஏழாவது இல்லை, தொண்ணூற்றோராம் ஆண்டு அறை மாற்றியபோது காணாமல் போய்விட்டது என்றார். டெல்ஃபினா தேடி வந்ததே அதைத்தான் என்றும் சொன்னார். ஆய்வாளரின் கொப்பியில் ஏழுக்கு நேரே எழுதியிருக்கிறதாம், மறுபக்கத்தில் வீட்டுப் பேச்சும் ஆற்றுக்கு வந்த கதையும் என்று. தங்கள் சனம் அந்த ஆற்றுக்கு எப்படி வந்தது என்ற கதை. அதை முழுக்கத் தெரிந்தவர்கள் இப்போது யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அவளுக்கு விமானம்.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு மற்ற மாடிக்குப் போனேன். பச்சை மையில் எழுதிய ஏழு என் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஒரு பேனை கூடக் காணாமல் போகாத கட்டிடம். இன்னும் மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தால் கேக்கும் பூச்செண்டும் வாங்கிக்கொண்டு அந்தப் பெயரோடு வீட்டுக்குப் போகலாம். அப்படியும் யோசித்தேன், ஒளிக்கமாட்டேன்.

பின்னேரம் றெயினில் ஹொல்ம்லியாவுக்கு ஒரு நிறுத்தம் முன்னதாக, ஹவுகெட்டோவில் இறங்கினேன். யசிந்தா வேலை முடிந்து வருகிற வழியில் நின்று, ஒன்றும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கைப்பையைப் பிடித்தபடி கேட்டாள். 

"இன்னும் நினைவிருக்கோ, மறந்திட்டியோ?" என்று கேட்டேன்.

"ஏன் மறக்க? ஒவ்வொரு நாளும் சொல்லுறனான். துணி மடிக்கேக்கை சொல்லுறனான். மெசின் சத்தத்திலை ஒருத்தருக்கும் கேக்காது."

 பின்லாந்துப் பாஷை என்று எல்லாரும் சொன்னபிறகும் ஏன் சொன்னாய் என்று மெதுவாகக் கேட்டேன்.

"கை நோக நோகச் சுத்திப் படிச்சனான், அக்கா. நீங்கள் சிரிச்சாப் போலை அது பிழையாப் போகுமோ?"

வெள்ளிக்கிழமை வந்து அந்தப் பெண்ணுக்குச் சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன். மாட்டேன் என்றாள். தமிழ்ச் சனம் சிரித்தது போதும், இனி வெள்ளைக்காரரும் சிரிக்க வேண்டுமா என்று கேட்டாள். நான் பஸ் நிறுத்தத்தில் வைத்தே அவளுடைய கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். பிறந்ததிலிருந்து அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை, எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. ஏதோ உளறினேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டாள். மூன்றாவது வரும்போது சொன்னாள்.

"வாறன். ஆனா முதல் நீங்கள் சொல்லவேணும். அவையளுக்கு முன்னாலை, நொஷ்க்கிலை, என்ன செய்தனீங்கள் எண்டு முழுக்கச் சொல்லவேணும். பிறகுதான் நான் வாய் திறப்பன்."

வெள்ளி காலை பத்து மணிக்கு ஒலிப்பதிவு அறையில் நாலு பேர். துடைக்கிற தடி இல்லாமல் அந்த அறைக்குள் நான் நின்றது அதுதான் முதல் தடவை. நான் சொன்னேன். தரையில் கிடந்ததை எடுத்தேன், முளை உடைந்திருந்ததைப் பார்த்தேன், பார்த்தும் பேப்பர் ஒட்டினேன், முதல் பக்கத்தில் உங்கள் பெரியம்மாவின் குரலுக்கு மேல் என் சப்பாத்துக் கதையைப் பதிந்தேன், அது இனி வராது என்று சொன்னேன். ஆன்ட்ரியாஸ் டெல்ஃபினாவுக்கு அதை ஸ்பானிய மொழியில் சொல்லச் சொல்ல, அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் குனியாமல் வாங்கிக்கொண்டேன். மறுபக்கம் எங்கே என்று கடைசியாகக் கேட்டாள். நான் தங்கச்சியைக் காட்டினேன்.

ஆன்ட்ரியாஸ் கதிரை போட்டார். யசிந்தா உட்காரவில்லை. பசாம் வாசிக்கிறபோது நிற்பது மாதிரிக் காலைச் சேர்த்து நின்றாள், கண்ணை மூடினாள். வலது கை மெதுவாகக் காற்றில் சுற்றத் தொடங்கியது. பெடலைச் சுற்றுகிறாள் என்று எனக்கு மட்டும் விளங்கியது. கை வேகம் பிடித்ததும் வாய் திறந்தாள்.

ஆணின் கேள்வியை ஆணின் தொனியில் சொன்னாள். பெண்ணின் பதிலைப் பெண்ணின் தொனியில் மூன்று தரம் சொன்னாள். முதல் கேள்வியிலேயே ஆன்ட்ரியாஸ் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கேள்விகள் எல்லாம் ஸ்பானிய மொழியில், இதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்லுவீர்கள் என்று. யசிந்தா பாடம் என்று நினைத்து இரண்டையும் சேர்த்தே படித்திருக்கிறாள். அதனால் ஒவ்வொரு பதிலுக்கும் அர்த்தம் பக்கத்திலேயே இருந்தது. இருமலை இருமினாள். தூரத்தில் சேவல் கூவிய இடத்தில் நிறுத்தி, அது கூவி முடிகிற அளவு காத்திருந்தாள். கை களைத்த இடத்தில் குரல் தாழ்ந்தது, பிறகு ஏறியது. குருநகரில் எந்த இடத்தில் கை களைத்துக் குரல் தாழ்ந்ததோ, அதையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருந்தாள்.

டெல்ஃபினா முதலில் எழுதினாள். பிறகு பேனையை வைத்துவிட்டாள். ஆற்றுக்கு வந்த கதை தொடங்கியதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கதையின் நடுவில் பெரியம்மா சிரிக்கிற இடம் ஒன்று வரும். யசிந்தா அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். அது என் தங்கச்சியின் சிரிப்பு இல்லை. டெல்ஃபினாவும் அதே இடத்தில் சிரித்தாள், கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றேன். எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. நான் இருபத்தேழு வருடம் நடித்துக் காட்டியதெல்லாம் இதற்குக் கிட்டவும் வராது.

கசெற் முடிகிற 'டக்' சத்தத்தையும் நாக்கால் தட்டி முடித்தாள். கை நின்றது. கண்ணைத் திறந்து, சரியா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். மணிக்கூட்டைப் பார்த்தேன். நாற்பத்தாறு நிமிடம்.

ஆன்ட்ரியாஸ் முழுவதையும் பதிந்திருந்தார். கணினியில் பட்டியலைத் திறந்து, எங்களுக்கு முன்னாலேயே எழுதினார். ஏழாம் கசெற், மறுபக்கம்: சொன்னவர் அன்சேல்மா, காத்தவர் யசிந்தா மரியநாயகம், ஹொல்ம்லியா. முதல் பக்கத்துக்கு நேரே 'தொலைந்தது' என்று மட்டும் போட்டார். அது சரியில்லை, அழித்தவர் றோஸ் என்று போடுங்கள் என்றேன். அவர் தயங்கினார். பேனை கூடக் காணாமல் போகாத கட்டிடத்தில் பட்டியலும் சரியாக இருக்க வேண்டும் என்றேன். போட்டார்.

டெல்ஃபினா யசிந்தாவுக்குக் கிட்டே வந்து நன்றி சொன்னாள். பிறகு ஏதோ கேட்டாள். என்ன வேண்டும், நாங்கள் என்ன தரலாம் என்று கேட்கிறாள் என ஆன்ட்ரியாஸ் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். யசிந்தா கொஞ்சம் யோசித்தாள்.

"ஒண்டும் வேண்டாம். அந்த முதல் வசனத்துக்கு என்ன அர்த்தம் எண்டு கேளுங்கோ. நான் போர்னபுவிலை சொன்னது."

எங்கே, யாருக்கு, எப்படிச் சொன்னாள் என்று டெல்ஃபினா விசாரித்தாள். அந்தக் கதையை நான் திரும்பவும் ஒருதரம் சொல்ல வேண்டி வந்தது. இந்த முறை சிரிப்புக் காட்டாமல் சொன்னேன். கண்ணாடிக் கூண்டு, பாஸ்போர்ட், இரண்டு தரம் கேட்ட அதிகாரி. டெல்ஃபினாவும் சிரிக்கவில்லை. அவள் ஆறுதலாகச் சொன்னதை ஆன்ட்ரியாஸ் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். அது வணக்கம்தான். வெளியூரிலிருந்து ஒருவர் வந்தால் மற்றவரின் வாசலில் நின்று சொல்லுவது. 'நான் வந்திருக்கிறேன், உங்கள் அடுப்பு எரிகிறதா?' என்பது அதன் அர்த்தம். வேறு எதையும் அந்த இடத்தில் சொல்லக்கூடாது. உங்கள் தங்கச்சி சரியான இடத்தில், சரியான வசனத்தை, சரியான முறையில் சொல்லியிருக்கிறாள்.

யசிந்தா கைப்பையை மார்போடு அணைத்தாள். தலை குனியவில்லை.

அதற்கு ஒரு பதில் இருக்கிறது, ஆய்வாளர் அதைக் கேட்கவில்லை, அதனால் கசெற்றில் இல்லை என்று டெல்ஃபினா தொடர்ந்து சொன்னாள். பதில் வரும்வரைக்கும் வந்தவர் உட்காரக்கூடாது, வாசலிலேயே நிற்க வேண்டும். இதை நான் தமிழில் சொல்லி முடிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. இருபத்தேழு வருடமாக அவளை வாசலில் நிற்க வைத்தது அந்த அதிகாரி இல்லை, நான்.

டெல்ஃபினா கண்ணைத் துடைத்துக்கொண்டு, யசிந்தாவுக்கு நேரே வந்து நின்று, தன் தாய் சொல்லுகிற மாதிரி அந்தப் பதிலைச் சொன்னாள். மூன்றே சொல். ஆன்ட்ரியாஸுக்கு அது தெரியாது, டெல்ஃபினாதான் அவருக்கும் ஸ்பானிய மொழியில் அர்த்தம் சொன்னாள். நான் தங்கச்சிக்குச் சொன்னேன்.

"எரியுதாம். வந்து இருக்கட்டாம்."

யசிந்தா கைப்பையை மேசையில் வைத்தாள். காலையில் ஆன்ட்ரியாஸ் போட்ட கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.